நீட்டிய ஸ்ட்ரோக்கும் அகட்டிய போரும்: கரிசல் சாலைகளை முன்வைத்து ஓர் எஞ்சின் வரலாறு

சிலிண்டர்களின் எண்ணிக்கையை மாற்றாமல் ஓர் எஞ்சினின் கொள்ளளவைக் கூட்ட இரண்டு வழிகளே உள்ளன. சிலிண்டரின் குறுக்களவை அகலப்படுத்துவது ஒன்று. இதைப் பட்டறைகளில் ‘போர் அடிப்பது’ என்பர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தொலைவை நீட்டுவது மற்றொன்று. அந்தத் தொலைவுக்குத்தான் ‘ஸ்ட்ரோக்’ என்று பெயர். கிராங்க் ஷாஃப்டை மாற்றியோ, இருப்பதையே மையம் விலக்கி அரைத்தோ ஸ்ட்ரோக்கை நீட்டிய எஞ்சினை மேலை நாட்டுப் பட்டறைகளில் ‘ஸ்ட்ரோக்கர்’ என்று அழைக்கின்றனர். பந்தயத் திடலில் அன்றி, அன்றாடம் சாலையில் ஓடும் காருக்கு இப்படிப்பட்ட எஞ்சின் தாங்குமா என்ற விவாதம் அங்கே பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது.

தமிழ்நாட்டின் கரிசல் வட்டாரத்தில் இந்த விவாதத்துக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததில்லை. ஆனால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பகுதிகளின் கிணற்று மேடுகளிலும், லேத் பட்டறைகளிலும், டாக்சி ஸ்டாண்டுகளிலும் அதே கேள்வி வேறு சொற்களில் கேட்கப்பட்டது. எந்த எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும்? தேய்ந்துபோன எஞ்சினை எப்படிக் கட்டினால் அது நடுவழியில் கைவிடாது? நள்ளிரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குப் புறப்படும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு அது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

கணக்கு

கொள்ளளவு போரின் வர்க்கத்தையும் ஸ்ட்ரோக்கின் நீளத்தையும் பொறுத்தது. ஸ்ட்ரோக்கைப் பத்து சதவீதம் நீட்டினால் கொள்ளளவும் பத்து சதவீதமே கூடும். போரைப் பத்து சதவீதம் அகட்டினால் 21 சதவீதம் கூடும். ஆகவே வெறும் கொள்ளளவுதான் நோக்கம் என்றால் போர் அடிப்பதே லாபம்போலத் தோன்றும். ஆனால் பிளாக்கின் சுவருக்கு ஒரு தடிமன் உண்டு. அதைக் குறைத்துக்கொண்டே போனால் சுவர் மெலிந்து, சூட்டில் உருமாறி, கடைசியில் தண்ணீர்ச் சட்டைக்குள் ஓட்டை விழும்.

ஸ்ட்ரோக்கை நீட்டுவதில் சுவர் மெலிவதில்லை. அங்கே துன்பம் வேறு இடத்தில் வருகிறது. கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது பிஸ்டன் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறுகிறது. ஸ்ட்ரோக்கின் இருமடங்கைச் சுற்று வேகத்தால் பெருக்கினால் பிஸ்டனின் சராசரி வேகம் கிடைக்கும். ஸ்ட்ரோக் நீண்டால், அதே சுற்றில் பிஸ்டன் கூடுதல் தொலைவு ஓட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை ஸ்ட்ரோக்குக்கு நேர் விகிதத்திலும், சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. அந்த விசையை வாங்குவது கனெக்டிங் ராடும், அதன் அடியில் உள்ள பேரிங்கும்தான். மேலும் ராடின் நீளத்தை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் நீட்டினால் ராடு கூடுதலாகச் சாயும். பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரைப் பக்கவாட்டில் அழுத்தும்.

இதில் ‘வர்க்கம்’ என்ற சொல்தான் முக்கியமானது. ஸ்ட்ரோக்கை ஒரு பங்கு கூட்டுவதைவிடச் சுற்றை ஒரு பங்கு கூட்டுவது எஞ்சினுக்குப் பெரிய கேடு. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்காததாலேயே பெரும்பாலான வாக்குவாதங்கள் முடிவில்லாமல் போயின.

கிணற்று மேட்டில் தொடங்கிய விவாதம்

கரிசல் வட்டாரம் மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைவிக்கும் நிலம். கிணறு உள்ளவர் மட்டுமே கோடையில் பச்சையைப் பார்க்கலாம். அந்தக் கிணறுகளில் கமலை கட்டி, மாடுகளை இறக்கத்தில் ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். கமலைக்குப் பிறகும் மின்சாரத்துக்கு முன்பும் ஆயில் எஞ்சின்களின் காலம் இருந்தது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியபோதிலும், மின்கம்பி ஒவ்வொரு கிணற்றுக்கும் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும் அதை நம்புவது எளிதாக இருக்கவில்லை. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் ‘கரண்டு’ என்று ஒரு சிறுகதையே எழுதினார். மின் கட்டணத்துக்காகப் போராடிய விவசாயிகள் சங்கத் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் காலமானதும் கோவில்பட்டியில்தான்.

ஆயில் எஞ்சின்களில் இரண்டு வகை மக்களிடம் பேர் வாங்கின. ஒன்று, இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரில் லிஸ்டர் நிறுவனம் வடிவமைத்த மெதுவோட்ட எஞ்சின். குஜராத்தின் ராஜ்கோட்டில் அதன் நகல்கள் ஏராளமாக வார்க்கப்பட்டு நாடெங்கும் பரவின. இதன் ஆறு குதிரைத்திறன் வகையின் போர் 114.3 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 139.7 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 650 சுற்று. இருபுறமும் இரண்டு பெரிய ஃப்ளைவீல். மற்றொன்று, புனேயில் 1946இல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தின் ஏவி1 போன்ற வேக எஞ்சின். இதன் போர் 80, ஸ்ட்ரோக் 110. கொள்ளளவு 553 சிசி. நிமிடத்துக்கு 1500 சுற்று.

லிஸ்டர் வகை உருவத்தில் பெரியது, கனமானது, விலையும் இடமும் கேட்பது. ஆனால் ‘தாத்தா போட்ட எஞ்சின் பேரன் காலத்திலும் ஓடுகிறது’ என்னும் பேர் அதற்கு இருந்தது. ‘நீள ஸ்ட்ரோக், அதுதான் உழைக்கிறது’ என்றனர். உண்மையில் இரண்டுமே போரைவிட ஸ்ட்ரோக் நீண்ட எஞ்சின்கள்தாம். இன்னும் சொன்னால், ஏவி1இன் ஸ்ட்ரோக் அதன் போரோடு ஒப்பிட்டால் லிஸ்டரைவிடவும் நீளமானது. வேறுபாடு சுற்றில் இருக்கிறது. லிஸ்டரில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டர். ஏவி1இல் அது 5.5 மீட்டர். ஒரு மணி நேரம் தண்ணீர் இறைப்பதற்குள் ஒன்று 39,000 முறை சுற்றுகிறது, மற்றொன்று 90,000 முறை சுற்றுகிறது. லிஸ்டரின் ஆயுளுக்குக் காரணம் அதன் நீண்ட ஸ்ட்ரோக் அல்ல, அதன் நிதானம். ஆனால் ‘நீள ஸ்ட்ரோக் என்றால் நம்பகம்’ என்ற எண்ணம் கிணற்று மேட்டிலிருந்து இறங்கி, டிராக்டருக்கும் காருக்கும் அப்படியே ஏறிவிட்டது.

டிராக்டரைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெரிதாகத் தப்பவில்லை. சென்னையின் டஃபே நிறுவனம் 1960இல் தோன்றி மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. அவற்றில் சிம்ப்சன் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. 1035 வகையில் 2365 சிசி, 241 வகையில் 2500 சிசி. இரண்டிலும் மூன்று சிலிண்டர், இரண்டிலும் 127 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். மாறியது போர்தான்: 88.9இலிருந்து 91.4 ஆயிற்று. இரண்டாயிரம் சுற்றில் உழுதாலும் பிஸ்டன் வேகம் நொடிக்கு எட்டரை மீட்டரைத் தாண்டாது. ஈரக் கரிசலில் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு இழுக்கும் வேளையில் அந்த நிதானமே அதன் பலம்.

மெட்ராஸில் பிறந்த கார்

கார்களில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான சான்று தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்ட ஒரு வண்டியின் குடும்பத்தில் இருக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்தது. 1970களில் அதுவே கெஸல் என்ற பெயரில் வெளிவந்தது. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும் பானட் பலருக்கு நினைவிருக்கலாம். எஞ்சின் அடியில் என்ன வேலை என்றாலும் நின்றபடியே பார்க்கலாம் என்பதால் மெக்கானிக்குகளுக்குப் பிடித்த வண்டி அது.

அதன் எஞ்சின் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தில் 1953இல் 803 சிசி அளவில் பிறந்தது. அப்போது போர் 58, ஸ்ட்ரோக் 76. பிறகு போரை 63 ஆக்கி 948 சிசி செய்தார்கள். இந்திய ஹெரால்டில் இருந்தது இந்த அளவுதான். பிரிட்டனில் மேலும் போனார்கள். போர் 69.3 ஆகி 1147 சிசி, 73.7 ஆகி 1296 சிசி. அதுவரை ஸ்ட்ரோக் 76லேயே நின்றது. இனிப் போர் அகட்ட இடமில்லை என்ற நிலையில் ஸ்ட்ரோக்கை 87.5 ஆக நீட்டினார்கள். 1493 சிசி கிடைத்தது. ஆக, 803இலிருந்து ஏறத்தாழ இருமடங்கை எட்டிய அந்த எஞ்சின் தொழிற்சாலையே செய்த ஒரு ‘ஸ்ட்ரோக்கர்’.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் முதன்மைப் பேரிங்குகள் தொடக்கம் முதல் மூன்றே. 803 சிசிக்கு அவை தாராளம். 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் 6000 சுற்றுக்கு பிஸ்டன் வேகம் நொடிக்கு 15.2 மீட்டர். 87.5 ஆனபோது அது 17.5 மீட்டர். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500, எம்ஜி மிட்ஜெட் 1500 ஆகிய கார்களில் பொருத்தப்பட்ட இந்த எஞ்சின், நெடுஞ்சாலையில் விடாமல் உயர் சுற்றில் ஓட்டினால் கீழ்ப் பேரிங்குகளைத் தின்றுவிடும் என்ற கெட்ட பேரை வாங்கியது. நிதானமாக ஓட்டியவர்களிடம் அதே எஞ்சின் நன்றாகவே உழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையின் 948 சிசி அந்த வம்பில் மாட்டவில்லை. முன்னேற்றம் இல்லாமை என்று அன்று குறைகூறப்பட்ட ஒன்று, எஞ்சினின் ஆயுளுக்கு நன்மையாகவே முடிந்தது.

இதே நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. உடல் பிரிட்டனின் ரோவர். எஞ்சினோ பழைய வேன்கார்டு காரின் வழிவந்த 1991 சிசி. போர் 83, ஸ்ட்ரோக் 92. இந்த எஞ்சின் குடும்பம் பெர்குசன் டிராக்டரிலும் ஓடியது என்பதை அறிந்தவர்கள் அப்போதே சிரித்துக்கொண்டார்கள். இதில் லைனர்கள் தனியாகக் கழற்றத்தக்கவை. லைனரை மாற்றினால் போர் மாறும், ஸ்ட்ரோக் மட்டும் 92லேயே நிற்கும். டிராக்டரில் 80, 85 என்றும், காரில் 83 என்றும் ஒரே பிளாக்கில் வெவ்வேறு கொள்ளளவுகள் வந்தது இப்படித்தான். தாங்கும் திறனில் குறைசொல்ல முடியாத எஞ்சின். ஆனால் எரிபொருளை வாரிக் குடித்தது. 1988 வாக்கில் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோயிற்று. நம்பகம் மட்டும் ஒரு காரைக் காப்பாற்றாது.

அம்பாசிடரும் லேத் பட்டறையும்

கோவில்பட்டி டாக்சி ஸ்டாண்டில் பல காலம் அரசாண்டது அம்பாசிடர்தான். அதன் 1489 சிசி எஞ்சின் பிரிட்டனின் பிஎம்சி ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. போர் 73.025, ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். அதாவது 3½ அங்குலம். இந்த வரிசை 1947இல் 1200 சிசியாகத் தொடங்கிப் பின்னர் பிரிட்டனில் 1798 சிசி வரை வளர்ந்தது. வளர்ந்ததெல்லாம் போரில்தான். 88.9 என்ற ஸ்ட்ரோக்கை யாரும் தொடவில்லை. 1798 சிசியில் முதன்மைப் பேரிங்குகளை மூன்றிலிருந்து ஐந்தாக்கினார்கள். ஸ்ட்ரோக்கைத் தொடாமல், கிராங்க்கின் தாங்கலைக் கூட்டிய இந்த முடிவை டிரையம்ப் 1500இன் கதையோடு சேர்த்துப் படிப்பது நல்லது.

பிரீமியர் பத்மினி என்று பின்னாளில் பெயர்பெற்ற ஃபியட்டில் 1089 சிசி. போர் 68, ஸ்ட்ரோக் 75. ‘ஃபியட் சுற்றும், அம்பாசிடர் இழுக்கும்’ என்ற பேச்சு இதிலிருந்து வந்தது. அம்பாசிடர் 4200 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் வேகம் நொடிக்கு 12.4 மீட்டர். ஃபியட் 5000 சுற்றில் ஓடும்போது 12.5 மீட்டர். இரண்டு எஞ்சின்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உழைத்தன. அம்பாசிடர் இழுத்ததற்குக் காரணம் நீண்ட ஸ்ட்ரோக் என்பதைவிட, அது 400 சிசி பெரியது என்பதே.

ஓர் அம்பாசிடர் புகையத் தொடங்கினால் எஞ்சின் கட்டும் வேலைக்கு வரும். அப்போது போரை 20, 40, 60 என்ற படிகளில் அகட்டுவார்கள். இவை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகள். ஒவ்வொரு படிக்கும் ஓவர்சைஸ் பிஸ்டன் கடையில் கிடைக்கும். மூன்று படிகளும் முடிந்தபோது போர் 74.55 மில்லிமீட்டர் ஆகியிருக்கும். கொள்ளளவு 1552 சிசி. உரிமையாளர் அறியாமலேயே அவரது கார் 63 சிசி கூடிவிடும்! இதனால் வண்டி நன்றாக இழுக்கிறது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. நான்கு சதவீதக் கூடுதல் உண்மைதான். ஆனால் புது ரிங்குகள் போட்டுக் கம்ப்ரஷன் திரும்ப வந்ததே அந்த இழுவைக்குப் பெரும் காரணம்.

ஸ்ட்ரோக்கை நீட்டும் உள்ளூர் வழி ஒன்றும் பேசப்பட்டது. கிராங்க் ஷாஃப்டின் பின்களைத் தேய்மானத்துக்காக 10, 20, 30, 40 என்று குறைத்து அரைப்பது வழக்கம். அப்படி அரைக்கும்போது எல்லாப் பக்கமும் சமமாக அரைக்காமல், உட்பக்கத்தை மட்டும் அரைத்தால் பின்னின் மையம் வெளிப்புறம் நகரும். ஸ்ட்ரோக் நீளும். கேட்பதற்குச் சாமர்த்தியமான யோசனை. கணக்குப் போட்டால் சாயம் வெளுத்துவிடும். 40 படி முழுவதையும் இப்படி அரைத்தாலும் ஸ்ட்ரோக் நீள்வது ஒரே ஒரு மில்லிமீட்டர். கூடுவது 17 சிசி. ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. இதற்குப் பதிலாகப் பின்னின் பருமன் குறைகிறது, அரைக்கும்போது அதன் ஓரத்து வளைவு கூர்மையாகிவிட்டால் அங்கேதான் விரிசல் பிறக்கும். எண்ணெய்த் துளையும் இடம் மாறியதுபோல் ஆகிவிடும். அனுபவமுள்ள டர்னர்கள் இந்த வேலைக்குத் தலையாட்டாததற்குக் காரணம் பயம் அல்ல, கணக்கு.

கரிசல் வட்டாரத்தில் உண்மையான வாக்குவாதம் வேறொன்று. மூன்றாம் முறை போர் அடிப்பதா, லைனர் இறக்கி மீண்டும் ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவருவதா? போர் அடிப்பது செலவு குறைவு, வண்டி சீக்கிரம் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடும். லைனருக்குக் கூடுதல் பணமும் நாளும் ஆகும். வண்டிக் கடன் தவணை கழுத்தை நெரிக்கும் ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் இங்கே இரண்டு உள்ளூர்க் காரணங்கள் குறுக்கே நிற்கின்றன. முதலாவது தண்ணீர். இப்பகுதியின் பல கிணறுகளில் உவர்நீர். அதையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டினால் தண்ணீர்ச் சட்டையின் உள்சுவரில் உப்புப் படிவம் ஏறிக்கொண்டே போகும். வெளியே படிவம், உள்ளே மெலிந்த சுவர் என்றால் சித்திரை வெயிலில் சாத்தூர்ச் சாலையில் அந்த எஞ்சின் சூடேறாமல் என்ன செய்யும்? பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றபோது பழி பிஸ்டன் கம்பெனிக்குப் போகும். பழி சேரவேண்டிய இடம் கிணறு.

இரண்டாவது காரணம் தூசி. மழையில் களியாகவும் கோடையில் வெடிப்பாகவும் மாறும் கரிசல், வண்டித் தடங்களில் நுண்மாவாக எழும்பும். அந்தத் தூசி ஏர் ஃபில்டரைத் தாண்டிவிட்டால் எண்ணெயோடு சேர்ந்து ரிங்குகளை அரைக்கும் பசையாகிறது. நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சினில் ரிங்குகள் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தொலைவு உரசுகின்றன என்பதால் தேய்மானமும் அதற்கேற்பக் கூடலாம். ஆனால் ஃபில்டரின் எண்ணெயைக் காலத்தில் மாற்றாதவருக்குக் குட்டை ஸ்ட்ரோக் எஞ்சினும் அதே கதிதான். பருத்திக் காட்டுத் தடங்களில் ஓடிய வண்டிகள் தார்ச்சாலையில் மட்டும் ஓடிய வண்டிகளைவிட முன்னதாகப் பட்டறைக்கு வந்ததற்கு வேறு மந்திரம் எதுவும் தேவையில்லை.

பின்னர் டீசல் வந்தது. பெட்ரோலைவிட டீசல் மலிவு என்பதால் வாடகைக்கு ஓட்டியவர்கள் அதற்கு மாறினார்கள். அம்பாசிடரின் டீசல் எஞ்சினும் அதே 1489 சிசி, அதே போர், அதே ஸ்ட்ரோக். ஆனால் டீசலின் அழுத்தம் கூடுதல். ராடும் பேரிங்கும் வாங்கும் அடி வேறு. பெட்ரோல் எஞ்சின் கட்டிய அதே கையால், அதே பொறுமையின்மையோடு டீசலைக் கட்டியபோது தோல்விகள் நேர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் இசுசு பெட்ரோல் எஞ்சின் அம்பாசிடரில் ஏறியது. 1817 சிசி. போர் 84, ஸ்ட்ரோக் 82. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீள ஸ்ட்ரோக்கில் ஓடிய வண்டியில் முதன்முறையாக ஸ்ட்ரோக் போரைவிடக் குட்டையானது. கூடவே ஐந்து கியர். ‘இது நம்ம அம்பாசிடர் மாதிரி இல்லையே’ என்று முகம் சுளித்தவர்களும் மதுரைக்குப் போய் வந்ததும் அமைதியானார்கள்.

புல்லட்

இருசக்கர வண்டிகளில் நீள ஸ்ட்ரோக்கின் பெருமையைத் தாங்கி நின்றது புல்லட். 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. 350இல் போர் 70, ஸ்ட்ரோக் 90. பின்னர் 500 வந்தபோது போரை 84 ஆக்கினார்கள், ஸ்ட்ரோக் 90லேயே நின்றது. அதற்கும் பின் 535 வந்தபோது போர் 87, ஸ்ட்ரோக் மறுபடியும் 90. இங்கேயும் வளர்ச்சி போரில்தான். 350ஐ விட 500 சீக்கிரம் தொல்லை தரும் என்ற பேச்சு இருந்தது. ஸ்ட்ரோக் ஒன்றே என்பதால் அதைக் குற்றவாளியாக்க முடியாது. பிஸ்டன் பெரிதாகிக் கனத்தது, ஒவ்வொரு வெடிப்பும் பலத்தது, பழைய வார்ப்பில் கீழே இருந்ததோ புஷ் பேரிங். 2008க்குப் பின் வந்த புதிய வார்ப்பு எஞ்சின்களில் அந்தப் புஷ்ஷின் இடத்தை ரோலர் பேரிங் பிடித்துக்கொண்டது. ஸ்ட்ரோக்கை மாற்றாமலே குறை தீர்ந்தது.

பந்தயத் திடலின் பாடம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டைத் திடல் வந்தது. கோயம்புத்தூரின் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். இந்தத் திடல்களில் எஞ்சினைப் பிழிந்து எடுக்கும் கலை வளர்ந்தது. ஆனால் பந்தய எஞ்சினின் ஆயுள் மணிக்கணக்கில் எண்ணப்படுவது. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் கழற்றிப் பார்ப்பார்கள். அங்கே தாங்கியது என்பதைச் சாட்சியாக வைத்துத் தெருவில் ஓடும் காருக்குப் பரிந்துரைப்பது தவறு. தீக்குச்சியின் சுடரைப் பார்த்து அடுப்புக்கு விறகு கணக்கிடுவது போன்றது அது.

தொழிற்சாலை நீட்டினால் தாங்குகிறது, பட்டறை நீட்டினால்?

இன்றைய வாடகைக் கார்களைப் பார்த்தால் பழைய வாதம் தலைகீழாகிவிட்டது தெரியும். மாருதியின் ‘கே’ வரிசையில் 1197 சிசி எஞ்சினுக்குப் போர் 73, ஸ்ட்ரோக் 71.5. அதே போரில் ஸ்ட்ரோக்கை 82 ஆக நீட்டி 1373 சிசி ஆக்கினார்கள். 2012இல் எர்டிகாவில் வந்தது அது. பின்னர் போர் 74, ஸ்ட்ரோக் 85 என்று 1462 சிசி வந்தது. 6000 சுற்றில் இதன் பிஸ்டன் வேகம் நொடிக்கு 17 மீட்டர். டிரையம்ப் 1500ஐக் கவிழ்த்த 17.5 மீட்டருக்கு இது வெகு அருகில் இருக்கிறது. ஆயினும் எர்டிகா வாடகை வண்டிகள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன.

காரணம் பலவகைப்பட்டது. நான்கு சிலிண்டருக்கு ஐந்து முதன்மைப் பேரிங்குகள். இலேசான பிஸ்டன், மெல்லிய ரிங். தரம் கூடிய எண்ணெய். எல்லை தாண்டிச் சுற்றவிடாத மின்னணுக் கட்டுப்பாடு. நெடுஞ்சாலையில் சுற்றைத் தணிக்கும் ஐந்தாம் கியர். ஸ்ட்ரோக்கை நீட்டியபோது தொழிற்சாலை ராடு, பிஸ்டன், சமநிலை எடை அனைத்தையும் அதற்கேற்பப் புதிதாகக் கணக்கிட்டது. பட்டறையில் நடப்பது பெரும்பாலும் அப்படியல்ல. ஒரு வண்டியின் கிராங்க், இன்னொன்றின் ராடு, மூன்றாவதன் பிஸ்டன் என்று சேர்த்துவிட்டு, சமநிலை பார்க்கும் எந்திரத்துக்குக் கொண்டுபோகாமல் மூடிவிடுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கிராங்க்கை மட்டும் மாற்றாமல், நீண்ட ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினையே முழுதாக மாற்றுவது. மாருதி ஜிப்சியின் 1298 சிசி எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 75.5. அதன் உறவான பலேனோவின் 1590 சிசிக்கு ஸ்ட்ரோக் 90. பின்னதன் பிளாக்கே உயரமானது. ராலி ஓட்டிகள் ஜிப்சியில் இந்தப் பெரிய எஞ்சினை ஏற்றினார்கள். நம்பகத்தைப் பொறுத்தவரை கிராங்க்கை அரைப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஆனால் சாலை வண்டியில் சட்டம் குறுக்கே வரும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சான்றிதழில் 1298 என்று இருக்க, பானட்டுக்கு அடியில் 1590 இருந்தால், விபத்து நேரும் நாளில் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாது. வாடகைக்கு ஓட்டுபவருக்கு இது எஞ்சின் உடைவதைவிடப் பெரிய ஆபத்து.

அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. கரிசல் வட்டாரத்தில் அவற்றில் சில இன்னும் கல்யாண ஊர்வலங்களில் தென்படுகின்றன. கிராங்க் ஷாஃப்டை அரைத்த டர்னர், எத்தனை படி குறைத்தார் என்ற எண்ணைப் பின்னை ஒட்டிய பக்கத்தில் பஞ்ச் அடித்துப் பதித்துவைப்பது வழக்கம். விவரம் தெரிந்தவர் பழைய அம்பாசிடர் வாங்கினால் பெயிண்டைப் பார்ப்பதில்லை. சம்பைக் கழற்றச் சொல்லி, துணியால் எண்ணெயைத் துடைத்து, அந்த எண் பத்தா, நாற்பதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்.